சித்திராபதி முதல் அம்மாச்சி வரை: இலக்கியத்திற் பாட்டியின் பங்கு

1

குடும்ப உறவுகளுள் மனிதர் தம் செயலால் எய்துவன சில. பிறப்பினால் எய்துவன சில. மணவாழ்வு ஒருவர் ஏற்றுக்கொள்வது. பெற்றோராதலும் ஓரளவிற்கேனும் அவர்தம் செயலின் விளைவாகும். மகன், மகள், உடன்பிறந்தார் என்னும் உறவுகள் பிறப்போடு கூடவே வருவன. பாட்டன், பாட்டி என்னும் நிலையோ இவ்விரு வகையிலும் அடங்காதது. வாழ்வின் பெரும்பகுதி கழிந்த பின்னர், பிறிதொருவர் வீட்டிலே பிறக்குங் குழந்தையொன்று, தாம் யாதொன்றுஞ் செய்யாதிருக்கவே, ஒருவரைப் பாட்டனாகவோ பாட்டியாகவோ ஆக்கிவிடுகின்றது. உறவு வந்துவிடுகின்றது, ஆனால் அவ்வுறவிற்குரிய பணி யாது என்பது அதனோடு வந்துவிடுவதில்லை. அதனை அவர் தேடிக்கொள்ளவேண்டியவராகின்றார்.

நமது உறவுப்பெயர்களே இவ்வுண்மையை ஒருவாறு உணர்த்துகின்றன. அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என்னும் பெயர்களை நோக்குக. இவை யாவும் தொடர்ப்பெயர்கள். அப்பாவின் அப்பா, அம்மாவின் அம்மா என விரிவன. முஸ்லிம் மக்களிடையே வழங்கும் வாப்பும்மா, உம்மும்மா என்பனவும் இவ்வாறே அமைந்தவை. அஃதாவது, பேரப்பிள்ளை தன் பாட்டனையும் பாட்டியையும் நடுவிலுள்ள தலைமுறையினூடாகவே அழைக்கின்றது. பேருறவு நேருறவன்று, இடையிலே நிற்கும் மகனோ மகளோ திறந்துவிடும் வாயிலினூடாக நுழைகின்ற உறவு. அவ்வாயில் மூடப்படுமாயின் உறவு பெயரளவில் எஞ்சும்.

மற்றொரு சொல்லும் இவ்விடத்திலே நினைவுகூரத்தக்கது. 'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். தமிழ்நாட்டு வழக்கிலே இச்சொல் மகனின் அல்லது மகளின் மகனையே குறிக்கும். யாழ்ப்பாணத்து வழக்கிலோ பாட்டனையும் அதுவே குறிக்கின்றது. 'பேரனார்', 'பேத்தியார்' என்று நம்மவர் கூறும்போது முதியோரையே சுட்டுகின்றனர். இளையோரைப் 'பேரப்பிள்ளை' என்பர். ஒரு பெயரின் இரு முனைகளிலும் இருவர் நிற்கின்றனர். ஒரே சொல் இருவருக்கும் உரியதாகின்றது. பெயரைக் கொடுப்பவர் அதனோடு வேறு எவற்றைக் கொடுக்கின்றார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சமூகவியலாளரும் மானிடவியலாளரும் இவ்வினாவை வேறு வகையிலே அணுகியுள்ளனர். ஒன்றுவிட்ட தலைமுறையினரிடையே நட்புங் கேலியும் நிலவுவதையும், அடுத்தடுத்த தலைமுறையினரிடையே அதிகாரமும் அச்சமும் நிலவுவதையும் றட்கிளிஃப் பிறவுண் பல சமுதாயங்களை ஒப்புநோக்கி எடுத்துக்காட்டினார். 1964இலே சிக்காகோவில் பேர்னிஸ் நியூகார்ட்டனும் கரொல் வைன்ஸ்ரைனும், மத்தியதர வர்க்கத்தைச் சேர்ந்த எழுபது பாட்டன் பாட்டி இணையரிடம் செவ்வி கண்டு, அவர்களை ஐந்து வகையினராகப் பகுத்தனர். முறைமை பேணுவோர், விளையாட்டுத் தோழமை நாடுவோர், பெற்றோரின் இடத்தில் நின்று வளர்ப்போர், குடும்ப அறிவின் களஞ்சியமாய் விளங்குவோர், விழா நாள்களில் மாத்திரந் தோன்றி மறையுந் தொலைவினர் என்பன அவ்வகைகள். அவ்வாய்விலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் இப்புதிய நிலையில் தமக்கு இடர்ப்பாடும் ஏமாற்றமும் உண்டெனத் தெரிவித்தமை கருதத்தக்கது. பாட்டனாதல் இயல்பாகவே இன்பந் தருவது என்னும் பொதுநம்பிக்கை அவ்வளவு உறுதியானதன்று என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் இத்தகைய வகைப்பாடுகள் முதியவர் என்ன செய்கின்றார் என்பதைக் கூறுவனவேயன்றி, அவர் ஏன் அவ்வாறு செய்கின்றார் என்பதைக் கூறுவனவல்ல. இலக்கியம் உதவுவது இவ்விடத்திலேதான். தாம் பட்ட வாழ்வைத் தம் பேரப்பிள்ளையும் வாழவேண்டும் என்று கருதுவதா, அன்றி அதனின்றும் அப்பிள்ளையை விடுவிப்பதா என்னும் தெரிவு ஒவ்வொரு முதியவர் முன்னிலையிலும் நிற்கின்றது. பாட்டியின் பங்கு இத்தெரிவிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பது நமது கருத்து. காலத்தாலும் இடத்தாலும் மொழியாலும் வேறுபட்ட சில படைப்புகளைக் கொண்டு இதனை ஆராயலாம்.

2

தமிழிலக்கியத்திலே விரிவாகச் சித்திரிக்கப்பெற்ற முதற் பாட்டி சித்திராபதி எனலாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் அவள் மாதவியின் தாய், மணிமேகலையின் பாட்டி. ஆயினும் காப்பியத்தைக் கற்போர் அவளைப் பாட்டியாக எண்ணிப் பார்ப்பது அரிது. கணிகையர் குலத்தின் தலைவியாகவும், துறவுநெறிக்குத் தடையாகவுமே அவள் நினைவில் நிற்கின்றாள். இப்பார்வையைச் சற்று மாற்றி, பேத்தியொருத்தியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலையுறும் முதியவளாக அவளை நோக்குமிடத்துக் காப்பியத்தின் சிக்கல் வேறொரு வடிவிலே தோன்றுகின்றது.

இந்திரவிழாவில் ஆடுதற்கு மாதவியும் மணிமேகலையும் வாராமையாற் சித்திராபதி வருந்துகின்றாள். ஊரார் அலர் தூற்றுகின்றனர். தோழியை அனுப்பி மாதவியை வினவுகின்றாள். மாதவியின் விடை தெளிவானது. மணிமேகலை கண்ணகியின் மகள் என்று அவள் கூறுகின்றாள். தான் பெற்ற பிள்ளையைப் பிறிதொருத்தியின் மகளாகப் பெயரிட்டு, தன் தாயின் கையிலிருந்து அவளை விலக்கிவிடுகின்றாள். நடுத்தலைமுறையினூடாக அன்றிப் பாட்டி பேத்தியை அடையவியலாது என முன்னர்க் கூறினோம். மாதவி அவ்வாயிலை மூடிவிட்டாள்.

வாயில் மூடப்பட்ட பின்னர்ச் சித்திராபதி மேற்கொள்ளும் வழி அரசவதிகாரத்தின் வழி. மணிமேகலையை உதயகுமரனின் தேரிலே ஏற்றி வாராதொழியின், செங்கற் சுமந்து அரங்கினைச் சுற்றிவந்து இழிவுற்ற கணிகையரைப் போலாவேன் என வஞ்சினங் கூறி அவள் அரசகுமாரனைத் தூண்டிவிடுகின்றாள். அதன் விளைவு உதயகுமரனின் மரணமும் மணிமேகலையின் சிறைவாசமுமாம். பேத்திக்கு நன்மை செய்வதாக எண்ணிப் புறப்பட்ட பாட்டி அவளைச் சிறைக்கு அனுப்பியவளாகின்றாள்.

சித்திராபதி கொடியவளா? சாத்தனாரின் சமய நோக்கு அவ்வாறு எண்ணத் தூண்டினும், காப்பியம் தரும் சான்றுகள் வேறு முடிவிற்கும் இடந்தருகின்றன. கணிகையர் இல்லம் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்குமாகத் தொடர்கின்ற ஒரு பொருளியல் அமைப்பு. முதியவளின் வாழ்வு இளையவளின் கலையிலும் வனப்பிலும் தங்கியுள்ளது. காதலனோடு இறந்துபடுதல் தம் குலத்தார்க்கு வழக்கன்று என்னும் சித்திராபதியின் வாதம் ஒழுக்கக்கேட்டின் முழக்கமன்று; தொழிலொன்றின் நியதியை எடுத்துரைக்கும் கூற்று. அவள் அறிந்த உலகிலே பெண்ணொருத்தி பிறர் வீட்டில் அடங்கி வாழாது தன் திறமையால் வாழ்வதற்கிருந்த வழி அது ஒன்றே. அவ்வழியை விட்டுப் பேத்தி பிச்சைப் பாத்திரம் ஏந்துவதைக் கண்டு அவள் அஞ்சியதில் வியப்பில்லை. பிற்பகுதியிலே, சிறையிலிருக்கும் பேத்தியைத் தன்னிடம் தருமாறு இராசமாதேவியின் கால்களில் அவள் வீழ்கின்றாள். வஞ்சினம் உரைத்தவள் இரந்து நிற்பவளாகும் இக்காட்சியிலே, குலத்தின் தலைவி மறைந்து பாட்டி வெளிப்படுகின்றாள் என்று கொள்ள இடமுண்டு. அரசி மறுக்கின்றாள், மணிமேகலை அவளோடு செல்லாள் என்கின்றாள்.

சித்திராபதியின் அவலம் அன்பின்மையால் விளைந்ததன்று. தன் வாழ்வைத் தவிர வேறொரு வாழ்வைப் பேத்திக்குக் கற்பனை செய்ய இயலாமையால் விளைந்தது. அவள் கொடுப்பதற்கு வைத்திருந்தது ஒன்றே. அதனைப் பெறுபவள் வேண்டாள். காப்பியம் அவளுக்கு வேறு பங்கு எதனையும் வழங்கவில்லை. இதனைச் சாத்தனாரின் குறைபாடெனக் கூறுதல் பொருந்தும். அறக்கருத்தின் வெற்றிக்காக முதியவளொருத்தி கதையின் ஓரத்திலே விடப்படுகின்றாள்.

3

சித்திராபதிக்கு நேரெதிர் நிலையிலே நிற்பவள் ஜெயகாந்தனின் 'யுகசந்தி' என்னுஞ் சிறுகதையில் வரும் கௌரிப் பாட்டி. இளமையிலேயே கணவனை இழந்து, தலை மழித்து, ஒரே மகனை வளர்த்தெடுத்தவள் அவள். அம்மகன் கணேசய்யர் கடலூரில் வாழ்கின்றார். அவர் மகள் கீதாவும் மணமாகிச் சிறிது காலத்துள் கைம்பெண்ணாகிவிடுகின்றாள். பின்னர்க் கல்வி கற்று நெய்வேலியில் ஆசிரியையாகின்றாள். அவளுக்குத் துணையாகப் பாட்டி அங்குச் சென்று வாழ்கின்றாள். கீதா தன்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவரை மணக்கத் தீர்மானித்து அதனைக் கடிதத்தின் வாயிலாகத் தந்தைக்கு அறிவிக்க, அக்கடிதத்தைக் கொண்டுவருபவளும் பாட்டியே. மகன் மகளைத் தலைமுழுகுகின்றான். பாட்டியோ பேத்தியிடம் திரும்பிச் செல்லத் தீர்மானிக்கின்றாள்.

இக்கதையிலே தலைமுறைகள் பற்றிய வழமையான எதிர்பார்ப்பு தலைகீழாக்கப்படுகின்றது. பழமை பாட்டியிடமும் புதுமை பேத்தியிடமும் இருக்க, நடுவிலுள்ளவர் இருசாராரையும் இணைத்துவைப்பார் என்றே பொதுவாகக் கருதப்படும். இங்கோ நடுத்தலைமுறையினரே மரபின் காவலராக நிற்கின்றனர். கணேசய்யர் தீயவரல்லர், ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சும் குடும்பத்தலைவர். மணமாக வேண்டிய பிற பிள்ளைகளும் மானமும் அவருக்குப் பாரமாகின்றன. பாட்டிக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. மரபு அவளிடமிருந்து எடுக்கக்கூடியவற்றையெல்லாம் முன்னரே எடுத்துவிட்டது. மணிமேகலையில் பாட்டி பற்றிநிற்கத் தாய் விடுவித்தாள். யுகசந்தியில் தந்தை பற்றிநிற்கப் பாட்டி விடுவிக்கின்றாள். ஆகவே முதுமை தன்னளவிலே பழமைக்கோ புதுமைக்கோ உரியதன்று என்பது இவ்விரு படைப்புகளையும் ஒருசேர நோக்குவார்க்குப் புலனாகும்.

கௌரிப் பாட்டியின் தெரிவிற்கு அடிப்படை யாது? அவளது பெருந்தன்மை என்று கூறி அமைவது திறனாய்வாகாது. கைம்மையின் துன்பத்தை அவள் தன் உடலிலே அறிந்தவள். தான் பட்டதைப் பேத்தி மீண்டும் படுவதைக் காண நேர்ந்தபோது இருவகையான மனநிலைகள் அவளுக்குச் சாத்தியமாயின. நான் பொறுத்தேன், நீயும் பொறு என்பது ஒன்று. எனக்கு வேறு வழியிருக்கவில்லை, உனக்கு இருக்கின்றது என்பது மற்றையது. முன்னையதே வழக்கமானது, துன்பத்தைச் சிறப்பாக்கி அதனையே மரபென்று பெயரிட்டுக் கையளிப்பது. பாட்டி பின்னையதைத் தேர்கின்றாள். அதேவேளை தன் கோலத்தை அவள் மாற்றிக்கொள்ள முற்படுவதில்லை. மழித்த தலையோடுதான் மறுமணஞ் செய்யும் பேத்தியிடம் செல்கின்றாள். பரம்பரை நாவிதனான வேலாயுதம் கதையில் இடம்பெறுவது இக்காரணத்தாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. தன் வாழ்வைப் பொய்யென்று மறுக்காமலே பேத்தியின் வாழ்வை மெய்யென்று ஏற்கவியலும் என்பதை அம்மழித்த தலை காட்டுகின்றது.

பொருளியற் கூறு ஒன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்குஞ் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் இயற்றப்பட்டுவிட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்தும் கணேசய்யர் போன்றோரின் இல்லங்களிலே அச்சட்டம் நுழையவில்லை. நுழைவதற்கு வழிசெய்தது ஆசிரியையின் சம்பளம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தைச் சூழ்ந்து 1950களின் பிற்பகுதியில் உருவான நெய்வேலி, அக்கிரகாரமும் ஊர்ப்பெரியவர்களும் அற்ற ஒரு புதுநகர். அங்கே கீதாவுக்கு வருமானமும் வீடும் இருந்தமையாலேயே பாட்டிக்குஞ் சென்றடைய ஓரிடம் இருந்தது. மகன் வீட்டுச் சோற்றையே முற்றாக நம்பியிருந்திருப்பின் அவள் தன் கருத்தை மனத்துள் அடக்கியிருக்கவே நேர்ந்திருக்கும். பாட்டி பேத்திக்கு விடுதலை அளித்தாள் என்பது எவ்வளவு உண்மையோ, பேத்தியின் சம்பளம் பாட்டிக்கு விடுதலை அளித்தது என்பதும் அவ்வளவு உண்மை.

ஜெயகாந்தனின் ஆற்றல் இத்தகைய சமூக மாற்றத்தை ஒரு முதியவளின் பயணத்தினூடாகக் காட்டியதிலே உள்ளது. ஆயினும் குறையொன்றும் உண்டு. கௌரிப் பாட்டி ஐயுறுவதும் தடுமாறுவதும் போதிய அளவு காட்டப்படவில்லை. ஆசிரியரின் கருத்தை எடுத்துரைக்கும் வாயாக அவள் சிற்சில இடங்களில் அமைந்துவிடுகின்றாள். வாழ்நாள் முழுவதும் ஏற்றுக்கொண்ட நியதி தன்னைப் பொறுத்தவரை வீணானது என்ற எண்ணம் ஒருத்தியின் உள்ளத்தை எவ்வாறு அறுத்திருக்கும்! அவ்வேதனையின் முழு ஆழத்தையும் கதை தொடவில்லை.

4

சித்திராபதி தன் தொழிலைக் கையளிக்க முயன்றாள். கௌரிப் பாட்டி தன் துன்பத்தைக் கையளிக்க மறுத்தாள். மூன்றாவது நிலையொன்றை ஈழத்துச் சூழலிலே காண்கின்றோம். ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதி 1994இலே வெளிவந்த 'ஃபனி போய்' என்னும் நாவலில் வரும் அம்மாச்சி தன் காயத்தைக் கையளிப்பவள்.

கொழும்பிலே வாழும் வசதி படைத்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை இது. பேரப்பிள்ளைகள் மாதத்தில் ஒரு ஞாயிறு பாட்டன் பாட்டியின் இல்லத்திற் கூடுவர். பெற்றோர் அவர்களை அங்கு விட்டுச்சென்றுவிடுவர். நாவலை மொழிபவனாகிய ஆர்ஜி அவ்வில்லத்திலேயே விளையாட்டின் இன்பத்தையும், ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்னும் எல்லைகளை மீறுவோருக்குரிய தண்டனையையும் ஒருங்கே அறிகின்றான். அம்மாச்சியின் கையிலே பிரம்பு இருக்கின்றது. நியூகார்ட்டன் முதலியோர் கூறிய முறைமை பேணும் பாட்டியின் வடிவம் இது. ஆனால் நாவல் அத்துடன் நின்றுவிடவில்லை. அம்மாச்சியின் மகள் ராதா சிங்கள இளைஞனொருவனோடு பழகுவதை அறிந்தபோது அவள் கொள்ளுஞ் சீற்றத்திற்குக் காரணம் பின்னர்த் தெரியவருகின்றது. 1958ஆம் ஆண்டு வன்செயலிலே அவளது தந்தை கொல்லப்பட்டார். அவ்விழப்பு ஆறவில்லை. மகளின் காதலைத் தடுப்பதும் பேரப்பிள்ளைகளுக்கு எல்லை வகுப்பதும் அந்த ஆறாத காயத்தின் வெளிப்பாடுகளாகின்றன.

இப்பாத்திரத்தை எவ்வாறு மதிப்பிடுவது? அம்மாச்சியின் அச்சம் வீணானதென்று கூற வாசகருக்கு உரிமையில்லை. நாவலின் இறுதியிலே, 1983 யூலையில், அம்மாச்சியும் அவள் கணவரும் சென்ற மோட்டார் வண்டி தீயிடப்பட்டு இருவரும் மாள்கின்றனர். தந்தையைப் பறித்த அதே வன்முறை கால் நூற்றாண்டின் பின் மகளையும் பறிக்கின்றது. அவள் எதனை அஞ்சினாளோ அதுவே நிகழ்ந்தது. ஆயினும் அவளது அச்சம் மெய்யாயினமை அவளது தீர்ப்பை மெய்யாக்கிவிடுமா என்பதே நாவல் எழுப்பும் கடினமான வினா. ராதாவின் காதலன் அவளது தந்தையைக் கொன்றவனல்லன். அம்மாச்சி தன் வீட்டிலே காவல்காத்த எல்லைகள் எவையும் அவளைக் காப்பாற்றவுமில்லை.

திறனாய்வு நோக்கிலே ஒன்று குறிப்பிடவேண்டும். அம்மாச்சியை நாம் பேரப்பிள்ளையின் கண்களாலேயே காண்கின்றோம். அவளது தந்தையின் கொலையும் பிள்ளையின் காதுக்கு எட்டிய செய்தியாகவே வருகின்றது. காயம்பட்டவள் தன் வாயாற் பேசுவதில்லை. நாவலின் உத்தி இதுவென்று கூறலாமாயினும், அதனால் ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. 1958ஐ அறிந்த ஒரு முதியவள் அதனைப் பேரனுக்குக் கதையாகச் சொல்லியிருப்பின், அவன் பெற்றிருக்கக்கூடியது வரலாறு. சொல்லாது பிரம்பாகவும் தடையாகவும் மாற்றியதால் அவன் பெற்றது அச்சம் மாத்திரமே. காயத்தைக் கையளிப்பதற்கும் காயத்தின் கதையைக் கையளிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

5

கதையைக் கையளித்தல் என்று கூறும்போது மாக்சிம் கோர்க்கியின் பாட்டி நினைவிற்கு வருதல் தவிர்க்கமுடியாதது. இவள் நமது மண்ணைச் சேர்ந்தவளல்லள். ஆயினும் மேலே கண்ட மூவரிடத்தும் காணாத ஒன்று அவளிடம் உண்டாதலின் ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1913–14இலே வெளிவந்த கோர்க்கியின் 'குழந்தைப் பருவம்', தந்தை வாந்திபேதியால் இறந்தபின் தாய்வழிப் பாட்டன் இல்லத்தில், நீஸ்னி நவ்கரத்திலே, வளர்ந்த சிறுவனின் வரலாறு. பாட்டன் காசிரின் சாயத்தொழிற்கூடமொன்றின் உடைமையாளர். இளமையில் வொல்கா நதியிலே படகிழுக்குந் தொழிலாளியாயிருந்து தன் முயற்சியால் உயர்ந்தவர். பேரனைக் கசையால் அடித்து நினைவிழக்கச் செய்பவரும் அவரே, எழுத்தறிவிப்பவரும் அவரே. சொத்தைப் பிரித்துத் தருமாறு பிள்ளைகள் சண்டையிட, தொழில் நலிய, அவர் படிப்படியாகக் கருமியாகின்றார். முதிய மனைவியோடு தேயிலையைக்கூட எண்ணிப் பங்கிடும் நிலைக்கு வருகின்றார். தாய் இறந்த பின்னர்ப் பேரனையும் உழைத்துப் பிழைக்குமாறு வெளியே அனுப்பிவிடுகின்றார். உடைமை உள்ளளவும் அதிகாரமாக நின்ற பாட்டன்மை, உடைமை கரைந்ததும் வெறும் கணக்காகச் சுருங்கிப்போகின்றது.

அதே வீட்டில், அதே வறுமையில், பாட்டி அக்குலினா வேறொரு பங்கினைக் கண்டுகொள்கின்றாள். அவளிடம் சொத்தில்லை, அதிகாரமில்லை, கணவனிடம் அடிபடுபவள். அவளிடம் இருந்தவை கதைகளும் பாடல்களும், எவரையுந் தண்டிக்க விரும்பாத ஒரு கடவுளும். அவற்றை அவள் பேரனுக்குக் கொடுக்கின்றாள். இக்கொடையிலே எவ்வித நிபந்தனையுமில்லை. என்னைப்போல் வாழ் என்று அவள் கூறவில்லை. என்னைப்போல் வாழாதே என்றும் கூறவில்லை. உலகைச் சொற்களாற் காணும் வல்லமையை அளித்தாள். பின்னர் எழுத்தாளனாகிய பேரன், அவ்வல்லமையைக் கொண்டு அவள் காணாத உலகங்களைக் கண்டான். பாட்டியின் பொறுமையையும் பணிவையும் கோர்க்கி முற்றாக ஏற்றுக்கொண்டவரல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கது. கொடையை ஏற்று, கொடுத்தவளின் கொள்கையை மறுப்பதற்குப் பேரனுக்குச் சுதந்திரம் இருந்தது. பேருறவின் உயர்ந்த நிலை அதுவே எனலாம்.

நம்மவர் இதனை அறியாதவரல்லர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரை (1878–1953) யாழ்ப்பாணத்து மக்கள் 'தங்கத் தாத்தா' என்று அழைத்தனர். சமயப் பாடல்களும் பிரபந்தங்களும் பல பாடிய புலவர் அவர். ஆயினும் மக்கள் அவருக்கு நிலையான பெயராகச் சூட்டியது, ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர்க்காகப் பாடியமையால் வந்த உறவுப்பெயரையே. பாட்டனாருக்குரிய பணி பாட்டும் கதையும் என்னும் பொதுமக்களின் தீர்ப்பு அப்பெயரிலே பொதிந்துள்ளது.

6

மேற்கூறியவற்றால் ஒருசில முடிவுகளை நாம் அடையலாம். பாட்டன், பாட்டி என்னும் உறவு பிறர் செயலால் வருவது; அதன் பொருளோ அவரவர் தெரிவால் வருவது. அத்தெரிவு வெறும் மனப்பாங்கினால் அமைவதன்று. வீடு யாருடையது, சம்பளம் யாருடையது, நடுத்தலைமுறையினர் எதற்கு அஞ்சுகின்றனர் என்பன அதனை வரையறுக்கின்றன. ஆயினும் அவ்வரையறைக்குள்ளும் ஒரு வெளி எஞ்சியிருக்கின்றது. தன் வாழ்வை மாதிரியாகக் கொடுப்பதா, கட்டளையாகக் கொடுப்பதா, கதையாகக் கொடுப்பதா என்பது அவ்வெளியிலே தீர்மானமாகின்றது.

ஈழத்துத் தமிழரிடையே இவ்வினா இன்று நூலறிவு சார்ந்த வினாவன்று. தேசவழமையின்கீழ்ச் சீதனமாக வீடு மகளுக்குச் செல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்திலும், தாய்வழிக் குடிமுறை மட்டக்களப்பிலும், அம்மம்மாவைப் பேரப்பிள்ளைகளின் அண்மையிலே நெடுங்காலம் நிறுத்திவைத்தன. 1983இன் பின்னர் நிகழ்ந்த புலப்பெயர்வு அவ்வண்மையைச் சிதைத்தது. ஒரு சாரார் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பராமரிக்கச் சென்று, அப்பிள்ளைகளின் மொழியறியாது அடுக்குமாடியொன்றின் சாளரத்தருகே நாள்களைக் கழிக்கின்றனர். மற்றொரு சாரார் வெற்று வீடுகளைக் காத்துக்கொண்டு தொலைபேசித் திரையிலே பேரப்பிள்ளையின் முகம் காண்கின்றனர். இன்னொரு சாரார், 2009இலே முடிவுற்ற போரில் மகனையும் மருமகளையும் இழந்தோ, மகள் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றமையாலோ, முதுமையிலே இரண்டாம் முறையாகப் பெற்றோராகியுள்ளனர். முதலிரு சாராரிடமும் காலம் இருக்கின்றது, கேட்பாரில்லை. மூன்றாஞ் சாராரிடம் கேட்பார் இருக்கின்றனர், காலமும் வலிமையும் இல்லை.

இம்மூவகையினரிடமும் சொல்லப்படாத கதைகள் உள்ளன. 1958, 1977, 1983, 2009 என்னும் ஆண்டுகள் அவர்களுக்கு வரலாற்று நூலின் பக்கங்களல்ல. அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்கு எவ்வாறு கொடுப்பது என்று அவர்கள் அறியாது தவிக்கின்றனர். முற்றாக மறைத்தால் பிள்ளை தன் பெயரின் பொருளை அறியாது வளரும். காயமாகவே கொடுத்தால் அம்மாச்சியின் பிரம்பு மீண்டும் ஓங்கும். இவ்விரண்டிற்குமிடையே நிற்கும் முதியவரொருவரின் அகத்தை, பேரப்பிள்ளையின் கண்களினூடாக அன்றி அவர்தம் கண்களினூடாகவே சித்திரிக்கும் படைப்புகள் நமக்கு வேண்டும். நாம் ஆராய்ந்த படைப்புகளிலே சித்திராபதியின் குரல் சமயக் கருத்தினாலும், கௌரிப் பாட்டியின் தடுமாற்றம் சீர்திருத்தக் கருத்தினாலும், அம்மாச்சியின் துயரம் பிள்ளைப் பார்வையினாலும் மறைக்கப்பட்டிருக்கக் கண்டோம்.

பேரன் என்னும் ஒரு சொல்லால் இரு தலைமுறையினரையும் அழைக்கின்ற மக்கள் நாம். அச்சொல்லின் ஒரு முனையிலே நிற்பவரைப் பற்றி நம் எழுத்தாளர் நிறையவே எழுதியுள்ளனர். மறுமுனையிலே நிற்பவர் தாம் கொடுக்கவேண்டியது எது, கொடுக்காது தம்மோடு கொண்டுபோகவேண்டியது எது என்று எண்ணிக்கொண்டிருக்கின்றார். அவரது எண்ணத்தை எழுத்தாக்கும் பணி இளந்தலைமுறை எழுத்தாளரைச் சார்ந்தது. அப்பணியை இன்னுஞ் சில ஆண்டுகளுக்கு ஒத்திவைப்பின், கேட்டறிதற்கு உரியவர் இருக்கமாட்டார்.